அரை அங்குலத்தில் ஓர் அடி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் உளியையும் அரத்தையும் பற்றிப் பேச இவர் எதற்கு வந்தார் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் கதை எழுதுகிறவன் அல்லன். தோட்டத்தில் பிறந்து, ஆசிரியத் தொழில் பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது ஹட்டனில் குடியிருப்பவன். ஓய்வு காலத்தில் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு, பெரிய பொருள்களை அளவு மாறாமல் சிறிதாகச் செய்வது. மாதிரியுரு அமைத்தல் என்று அதனைச் சொல்லலாம். அந்த வேலையில் ஈடுபட்டிருந்தபோது, எங்கள் வீட்டைப் பற்றி அதுவரை நான் அறியாதிருந்த ஒரு செய்தி எனக்குத் தெரியவந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால், கருவிகளைச் சொல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது. ஆகவே சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

என் மேசைமேல் இப்போது ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் முகப்பு 5 அங்குலம், உட்பக்க நீளம் 6 அங்குலம். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியைத் தூக்கி மேலே வைத்தால் அறை முழுவதும் மறைந்துவிடும். அரை அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்ற கணக்கில், அதாவது 24இல் ஒரு பங்காக, செய்யப்பட்ட அறை அது. 24ஆல் பெருக்கிப் பாருங்கள். 10 அடி, 12 அடி. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் விளக்க வேண்டியதில்லை. அது லயத்துக் காம்பரா.

உலகில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய வரலாறு உண்டு. 1939இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்ற விமானங்களை, ஒட்டிப் பூட்டி மகிழாத ஆங்கிலச் சிறுவர்கள் ஒருகாலத்தில் அரிது. அவை பெரும்பாலும் 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாக நிற்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் 1961இல் ஒரு போர்த்தாங்கி செய்தது. உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் கொள்ளவேண்டும் என்பதற்காக உருவத்தைத் தீர்மானித்தார்கள். அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. அதுவே பிறகு உலகம் முழுவதும் ஓர் அளவுத்திட்டமாக நிலைத்துவிட்டது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததும் ஒரு பெட்டியினால்தான். வெளிநாட்டில் இருக்கும் என் மருமகன் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ரயில் பெட்டியும் நாலு முழத் தண்டவாளமும் அனுப்பியிருந்தான். 87இல் ஒரு பங்கு. எங்கள் ஊர்க் கோச்சியைப் போல அதற்கு நிறம் பூசி, ஹட்டன் ஸ்டேசனில் நிறுத்திவிடலாம் என்று ஆசைப்பட்டேன். நிறம் பூசியும் முடித்தேன். ஆனாலும் அது நம்முடைய கோச்சியாகவில்லை. ஒடுங்கின காலோடு நிற்கிறவனைப் போல நின்றது. ஏன் என்று கணக்குப் பார்த்தேன். ஐரோப்பாவில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள பொது அகலம் 1,435 மில்லிமீற்றர். பெட்டியில் வந்த தண்டவாளம் அதற்கு ஏற்றபடி பதினாறரை மில்லிமீற்றர். நமது பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும். கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் குறைகிறது. ஒரு தீக்குச்சியைவிடச் சற்றே கூடுதலான அகலம். அந்தச் சிறு குறையைக் கண் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நமது பொருள்கள் எந்தப் பெட்டியிலும் வரப்போவதில்லை. நாமே அளந்து, நாமே வெட்டினால்தான் உண்டு. அப்படியானால் எதைச் செய்வது? நான் பிறந்த லயத்தைச் செய்வோம் என்று முடிவுசெய்தேன்.

தோட்டத்து மக்களுக்குச் சிறிதாகச் செய்வது புதிய வித்தை அல்ல. திருவிழாவுக்குச் சப்பரம் கட்டுகிறவர்கள் மூங்கிற் பிளாச்சையும் வர்ணக் கடதாசியையும் வைத்துக்கொண்டு ஒரு கோபுரத்தையே எழுப்பிவிடுவார்கள். மீன் டின்னில் லொறி செய்து, தேய்ந்த றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போட்டு இழுக்காத பையன் எங்கள் லயத்தில் ஒருவனும் இல்லை. கைத்திறன் இருந்தது. அளவுதான் இருக்கவில்லை. சப்பரத்துக்கு அளவு தேவையில்லை, அழகு போதும். நான் எடுத்துக்கொண்ட வேலைக்கோ அளவுதான் முதல்.

மரம் எங்கே கிடைக்கும் என்று தேடினேன். தோட்டத் தொழிற்சாலையில் முன்பு ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர், எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் அழைப்பார்கள், தம் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளை வைத்திருந்தார். இளைய நேயர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். காகிதப் பைகள் வருவதற்கு முன்னர், நமது தேயிலை முழுவதும் அந்தப் பெட்டிகளில்தான் கப்பலேறியது. மெல்லிய ஒட்டுப்பலகை, உள்ளே ஈரம் புகாதிருக்க அலுமினியத் தாள், விளிம்புகளில் ஆணி அடித்த தகரப் பட்டி. காலிக்கு அருகே கிந்தோட்டையில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இதற்காகவே பலகை செய்தது. பெட்டியைக் கழற்றினேன். சுவருக்குப் பலகை, கூரைக்கு அலுமினியத் தாள், கீல்களுக்குத் தகரம். ஒரு லயம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது போலத்தான் இருந்தது.

கருவிகள் என்று கேட்டால், கடையில் வாங்கியவை குறைவு. எஃகு அடிமட்டம் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, சின்ன அரம் இரண்டு, தபால்தலை சேர்ப்பவர்கள் வைத்திருக்கும் சாவணம் ஒன்று. மற்றவை வீட்டில் கிடந்தவை. சவர பிளேட்டை இரண்டாக ஒடித்து மூங்கிற் பிடியில் செருகினால் அதைவிட நல்ல கத்தி கிடையாது. உடைந்த ஹெக்சோ பிளேட்டுக்குத் துணி சுற்றினால் அது வாள். துணி காயப்போடும் கிளிப்புகள் ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொள்ளும் குறடுகள். குடைக்கம்பி, தண்ணீர்க் குழாய்க்கு.

இந்தக் கருவிகளை ஆளக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. முதல் வாரம் பலகையை ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்து, பலகையும் பிளந்தது, என் விரலும் பிளந்தது. அடிமட்டத்தைச் சார்த்தி, பாரம் கொடுக்காமல், ஒரே கோட்டில் இருபது தடவை கீற வேண்டும். இருபதாவது கீறலில் பலகை தானாகவே விட்டுக்கொடுக்கும். கூரைக் கைமரங்கள் நாற்பதும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் அல்லவா? ஒவ்வொன்றையும் அளந்து வெட்டினேன். நாற்பதும் நாற்பது நீளம். பிறகு ஒரு கட்டையில் தடுப்பாக ஓர் ஆணியை அடித்தேன். குச்சியை அந்த ஆணியில் முட்டவைத்து, கட்டையின் விளிம்பில் வெட்டினேன். அளப்பதே இல்லை; எல்லாம் ஒரே நீளம். அந்தக் கட்டை செய்யப் பத்து நிமிடம். அதன் அவசியம் புரிய எனக்கு மூன்று வாரம்.

அப்போதுதான் அம்மாவின் மட்டக்கம்பு நினைவுக்கு வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடியின் தலையில் ஒரு நீண்ட கம்பைக் கிடத்துவார்கள். கம்புக்கு மேலே நிற்கும் கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும். மலை முழுவதும் வெட்டிவிட்ட பாய் போலத் தோன்றுவதற்கு அந்தக் கம்புதான் காரணம். அம்மா ஒருநாளும் அடிமட்டம் பிடித்தவர் அல்லர். ஆனால், ஒரு கம்பை நிலையாக வைத்து ஆயிரம் தடவை ஒரே அளவாகச் செய்வது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்த மகன் அறுபது வயதுக்கு மேல் அதைக் கற்றுக்கொண்டான்.

முதல் லயத்தை நினைவிலிருந்து கட்டினேன். பிறந்து வளர்ந்த வீடு, அளக்க என்ன இருக்கிறது என்ற இறுமாப்பு. கட்டி முடித்து, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா அந்தத் தோட்டத்தில் 36 வருடம் கொழுந்து பறித்தவர். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாசல் வழியே எட்டிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது? தொரை பங்களாவா?”

“நம்ம காம்பராதான் அக்கா.”

“நம்ம காம்பராவா? இந்தக் கதவுல நம்ம அப்பா குனியாமப் போயிருப்பாரே. அவரு என்னைக்குடா குனியாமப் போனாரு?”

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிமட்டத்தை எடுத்து நான் கட்டியதையே அளந்தேன். அறை 7 அங்குலத்துக்கு 8 அங்குலம். அதாவது 14 அடிக்கு 16 அடி. கதவு 4 அங்குலம், எட்டடி உயரம்! நான் அந்த வீட்டில் இருந்தது பிள்ளைப் பருவத்தில். மூன்றடிப் பையனின் கண்ணுக்கு அந்த அறை அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. அந்தக் கண்ணைக்கொண்டே அறுபது வருடமாக அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் என் லயம் பொய்யாக இருந்தது. அன்றிரவே அதைப் பிரித்துப் போட்டேன்.

மறுவாரம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். லயத்தின் ஒரு பாதி இன்னும் நிற்கிறது. நாங்கள் இருந்த காம்பராவில் இப்போது வேறு ஒரு குடும்பம். குடியிருக்கிற வீட்டை அளப்பது கூச்சமான காரியம். அளவுநாடாவோடு வருகிறவர்கள் வழக்கமாக நல்லதற்கு வருவதில்லை. வாசலில் நின்ற பெண்ணிடம், “நான் இங்கதான்மா பொறந்தேன். சின்னதா ஒரு வூடு செய்றேன். அளந்துக்கலாமா?” என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “அளந்துக்கங்க ஐயா. நாங்க வந்து இத்தன வருசத்துல ஒருத்தரும் அளந்து பாக்கல” என்றார். அவருடைய பையன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பிளேன்டீயும் வந்தது.

எழுதிக்கொண்டு வந்த அளவுகள் இவை. முகப்பு 10 அடி. உள்நீளம், சுவர்ப் பூச்சைத் தவிர்த்துப் பார்த்தால், 12 அடி. கதவு ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், இரண்டரை அடி அகலம். இஸ்தோப்பு நாலரை அடி. அது இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை. எனவே பின்சுவரில் ஜன்னல் இல்லை. இருபக்கமும் அயல்வீடு, எனவே பக்கச் சுவரிலும் இல்லை. முகப்பில் கதவை மூடிவிட்டால், அடுப்புப் புகைக்குக் கூரைத் தகரத்தின் இடுக்குகள்தான் கதி.

மறுபடியும் தொடங்கினேன். இம்முறை சுவர்கள் ஒழுங்காக எழுந்தன. கூரையில் வந்து மாட்டிக்கொண்டேன். லயத்துக் கூரை நெளிதகரம். ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் இடையே 3 அங்குலம். 24இல் ஒரு பங்கென்றால் அங்குலத்தில் எட்டிலொரு பாகம். அலுமினியத் தாளில் அந்த நெளியை எப்படி எடுப்பது? சீப்பின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தேன். சீப்பின் பற்கள் நெருக்கம் அதிகம். குடைக்கம்பிகளை வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். வரிசை கோணியது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. பலகை மீந்தது, பொறுமை மீறியது.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பழைய இயந்திரமொன்றிலிருந்து கழற்றிய ஒரங்குலத் தடிப்புள்ள போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். “இதுல அங்குலத்துக்கு எட்டுப் புரி. விட்வேர்த் போல்ட்டு. வெள்ளக்காரன் அளவு” என்றார். எட்டுப் புரி! ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் சரியாக எட்டிலொரு அங்குலம். எனக்கு வேண்டிய அளவு ஒரு மயிரிழையும் பிசகாமல் அவருடைய கையில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தகரமும் இங்கிலாந்திலிருந்து வந்த போல்ட்டும் ஒரே அங்குலத்திலிருந்து பிறந்தவை. அதனால்தான் அவை என் மேசையில் வந்து சந்தித்துக்கொண்டன.

பழைய றப்பர்ச் செருப்பின்மேல் தாளை விரித்து, போல்ட்டை உருட்டினேன். நெளி விழுந்தது. முழுப்பாரத்தையும் கொடுத்தால் தாள் கிழியும், அரைப்பாரம் போதும். இன்னொரு சிக்கலும் இருந்தது. புரி சுருளாக ஓடுவதால், நெளிகள் நேராக விழாமல் மிகச் சிறிது சாய்ந்தே விழுந்தன. தகரத்தை முதலில் வெட்டிக்கொண்டு உருட்டினால் கூரை முழுவதும் கோணல். முதலில் உருட்டிவிட்டு, விழுந்த நெளியின் வழியே வெட்டினால் கோணல் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் நான்கு நாள். இந்தப் பொழுதுபோக்கில் முன்னேற்றம் என்பது இவ்வளவுதான் நேயர்களே. ஒரு நாளைக்கு ஒரு சிறு தவறு குறையும். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். “இன்று இரண்டு தகரம்.” “இன்று ஒன்றுமில்லை; மழை.” “கதவு ஒன்று. கீல் சரிவந்தது.”

மழையைச் சும்மா எழுதவில்லை. தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கம் அடிக்கத் தொடங்கினால் உப்பே தண்ணீராகிவிடும். ஒட்டுப்பலகை விடுமா? ஜூன் மாதத்தில் நேராக இருந்த சுவர் ஜூலையில் வில்லாக வளைந்தது. ஒருபக்கம் மட்டும் நிறம் பூசியிருந்தேன். பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பூசவேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதற்குள் ஒரு சுவர் போயிற்று.

சின்ன வீடுகளில் உலகப் புகழ் பெற்றது ஒன்று இங்கிலாந்தில் விண்ட்சர் மாளிகையில் இருக்கிறது. மேரி மகாராணியாருக்காகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து, 1924இல் நிறைவேறிய பொம்மை வீடு. 12இல் ஒரு பங்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட கைவினைஞர்களின் உழைப்பு. மின்விளக்கு எரியும்; மின்தூக்கி ஏறி இறங்கும்; குழாயைத் திறந்தால் குளிர்நீரும் சுடுநீரும் வரும். இலக்கிய நேயர்களுக்காக ஒரு செய்தி: அந்த வீட்டு நூலகத்துக்காக ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் ஒரு சின்னஞ்சிறு கதையைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டை முதலில் மக்கள் பார்த்தது, லண்டன் வெம்ப்ளியில் 1924இல் தொடங்கிய பேரரசுக் கண்காட்சியில். அந்தக் கண்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது.

இதைப் படித்தபோது நான் என் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்திக்கொண்டிருந்தேன். குடைக்கம்பியை வளைத்து, லயத்துக்கு வெளியே, நாற்பது அடி தள்ளி, அதாவது மேசையில் 20 அங்குலம் தள்ளி, பீலியை நட்டேன். அது லயம் முழுவதற்கும் ஒரே பீலி. பொம்மைகளுக்கு வீட்டுக்குள் சுடுநீர் வந்த அதே வருடங்களில், அந்தச் சுடுநீரில் ஊறிய தேயிலையைப் பறித்தவர்களுக்கு வாசலுக்கு வெளியேதான் தண்ணீர். கோபத்தினால் இதைச் சொல்லவில்லை. இரண்டு சின்ன வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி.

சுவர் எழுந்து, கூரையைப் பொருத்துவதற்கு முன்னர், ஒரு மாலை, உள்ளே சாமான்களை வைத்தேன். பின்சுவர் ஓரமாக அடுப்பு, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடங்கள். நிஜத்தில் மூன்றடி அகலம். ஆகவே ஒன்றரை அங்குலம் போயிற்று. பக்கச் சுவரோரம் டிரங்குப் பெட்டி, அரிசிப் பெட்டி, பாத்திரப் பலகை. இரண்டடி, ஆகவே ஓர் அங்குலம் போயிற்று. மிச்சம் நாலரை அங்குலத்துக்கு 4 அங்குலத் தரை. சரி, ஆட்களைப் படுக்கவைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. காட்போட்டில் துண்டுகள் வெட்டினேன். வளர்ந்தவர்களுக்கு இரண்டரை அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். பிள்ளைகளுக்கு 2 அங்குல நீளம், முக்கால் அங்குல அகலம்.

நாங்கள் ஒன்பது பேர். அப்பாயி, அப்பா, அம்மா, பெரியண்ணன், அக்கா. இவர்கள் ஐந்து பேரும் பெரிய துண்டு. கீழே நாங்கள் நாலு பேர் சின்னத் துண்டு. உள்பக்கமாகப் பெரிய துண்டுகளை நெருக்கி அடுக்கினேன். நாலு துண்டில் 4 அங்குலமும் நிறைந்தது. வாசற்பக்கமாகச் சின்னத் துண்டுகள் நாலு. 3 அங்குலம். மீதி, ஓர் அங்குல அகலமும் 2 அங்குல நீளமும் உள்ள ஒரு மூலை. ஒன்பதாவது துண்டு இரண்டரை அங்குலம். வைத்தேன்; கொள்ளவில்லை. திருப்பி வைத்தேன், கொள்ளவில்லை. தவிரவும், அந்த மூலையில்தான் கதவு உள்நோக்கித் திறக்கிறது. துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். அரைமணி நேரம். எப்படி அடுக்கினாலும் எட்டுப் பேருக்குத்தான் இடம்.

கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அப்பா இஸ்தோப்பில்தான் படுப்பார். ஒரு சாக்கு, ஒரு கறுப்புக் கம்பளி. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, மார்கழி, தை மாதப் பனியில், அந்தக் கம்பளி காலையில் நனைந்து கிடக்கும். ஏன் வெளியே படுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “அடுப்புப் பொக நெஞ்சுக்கு ஒத்துக்காது” என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம். எங்கள் அப்பாவுக்குப் புகை ஆகாது என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்பா 1981இல் காலமானார். அவருடைய வாயில் சுருட்டு இல்லாத பொழுதை நான் பார்த்ததில்லை. புகை ஆகாதவர் சுருட்டு எப்படிக் குடிப்பார் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் அக்காவை வரச்சொன்னேன். இந்தத் தடவை அவர் நெடுநேரம் பார்த்தார். கதவைச் சுண்டுவிரலால் தள்ளித் திறந்தார். “ஆமா, இதுதான்” என்றார். நான் துண்டுகளை அடுக்கிக் காட்டி, மிஞ்சிய ஒன்றை அவர் கையில் கொடுத்து, “இடமில்லாமத்தான் அப்பா வெளியே படுத்திருக்கார் அக்கா. புகையும் இல்லை, ஒண்ணும் இல்லை” என்றேன்.

அக்கா அந்தத் துண்டைக் கொஞ்சநேரம் விரலில் வைத்திருந்தார்.

“எடம் மட்டும் இல்ல தம்பி. நான் பெரிய புள்ளையானப்ப அப்பா சாக்கத் தூக்கிக்கிட்டு வெளிய போனாரு. அதுக்கு முந்தி எல்லாரும் உள்ளதான் ஒண்டிக் கெடந்தோம். நீ அப்ப கைப்புள்ள.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நேயர்களே, தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்ற சிறுகதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஒரே காம்பராவுக்குள் ஒரு குடும்பம் படும் நெருக்கடியைச் சொல்லும் கதை. நானும் படித்திருக்கிறேன்; வகுப்பில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். ஆனால், அது எங்கள் வீட்டுக் கதையும்தான் என்று எனக்குப் படவில்லை. ஏனென்றால், என் நினைவிலிருந்த வீடு 14 அடிக்கு 16 அடி! அந்த வீட்டில் எல்லோருக்கும் இடம் இருந்தது. அடிமட்டம் அந்த வீட்டை அதன் சரியான அளவுக்குச் சுருக்கியது. சுருங்கிய பிறகுதான் அப்பா தெரிந்தார். ஆனாலும் அடிமட்டம் பாதியைத்தான் சொன்னது. அவர் ஏன் வெளியே போனார் என்ற மறுபாதி, அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் அவை இன்று புத்தகத்தில் இருக்கின்றன. கம்பளைக்கு அருகே, பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமாக்கி 2007ஆம் ஆண்டு திறந்தார்கள். முடிந்தவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். 2023இல், நம்மவர்கள் இங்கு வந்து 200 ஆண்டு நிறைவானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இவை எல்லாம் பெரிய காரியங்கள். சின்னக் காரியம் ஒன்றும் இருக்கிறது. புதிய வீடுகள் சில இடங்களில் எழுகின்றன. எழவேண்டும், எல்லோருக்கும் எழவேண்டும். லயம் இடிபடும் நாளில் நான் அழமாட்டேன். ஆனால் இடிப்பதற்கு முன்னர் யாராவது ஒருவர் அதை அளந்து வைத்திருக்கவேண்டும். ஓர் அளவுநாடாவும் ஒரு கொப்பியும் போதும். பக்கத்தில் வயதான ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அளவு சொல்லாததை அவர் சொல்வார்.

இப்போது கணினியில் வரைந்துவிட்டால் பிளாஸ்டிக்கை இழையாக வார்த்து உருவம் செய்து தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நாற்பது கைமரமும் ஒரே இரவில் செய்துவிடும் என்கிறார்கள். நல்லதுதான். இளையவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் பத்தடியா பதினாலடியா என்று அந்த இயந்திரத்துக்கு நாம்தான் சொல்லவேண்டும்.

என் லயம் கடந்த மாதம் நிறைவேறியது. கொப்பியைப் பார்த்தால் 14 மாதம். கூரையைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உள்ளே பார்க்கலாம். கடைசியாகச் செய்தது ஓர் உருவம். குடைக்கம்பியை வளைத்து, கடதாசி சுற்றி, இரண்டரை அங்குல நீளம். அதன்மேல் பழைய குடையொன்றின் கறுப்புத் துணி. இஸ்தோப்பில், கதவுக்கு இடப்பக்கம், சாக்கின்மேல் வைத்திருக்கிறேன். பசை போடவில்லை. அக்கா வரும்போதெல்லாம் அந்தத் துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துப் போர்த்திவிட்டுப் போகிறார்.